ஒழுகலைத் தேடிய பட்டறைகள்

இந்நாட்டில் வெடிமருந்துக்கும் பெட்ரோலுக்கும் உரிமம் வழங்குவது ஒரே ஸ்தாபனம் என்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும் 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தையும் ஒருசேர நிர்வகித்து வரும் அந்த இலாகா 1898-இல் தோன்றியது. இன்று நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு சிவகாசியிலும் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. இவ்விரண்டு பண்டங்களையும் ஒரே கையில் ஒப்படைத்ததில் நியாயம் உண்டு. ஒன்று பொடியாகக் கிடந்து பொறிக்குக் காத்திருக்கிறது. மற்றொன்று ஆவியாகத் தரையோடு தவழ்ந்து சென்று பொறியைத் தானே தேடிக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒரே தெருவில், சமயங்களில் ஒரே வண்டியிலேயே, கூடிப் பிரயாணம் செய்கிற பிரதேசம் விருதுநகர், சிவகாசி வட்டாரம். ஆகையால், லட்சக்கணக்கான மைல் ஓடித் தளர்ந்துபோன ஒரு வண்டியில் எரிபொருள் எங்கே கசிகிறது என்று கண்டறியும் வித்தை, மற்ற ஊர்களில் சிக்கனத்தைப் பற்றிய விஷயமாக இருக்க, இங்கே உயிரைப் பற்றிய விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. தீப்பெட்டியின் சரித்திரத்தையும் பட்டாசின் சரித்திரத்தையும் எழுதியவர்கள் பலர். அவற்றைச் சுமந்து சென்ற லாரியின் அடியில் சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தவனின் சரித்திரத்தையும் எழுதி வைப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன்னர் இச்சீமையின் வியாபாரமெல்லாம் மாட்டு வண்டியில்தான் நடந்தது. விருதுப்பட்டி என்று வழங்கிய ஊரிலும், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களிலும் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்து, வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கு வழி செய்தார்கள். வரும் சரக்கின் மீது மகமை வசூலித்து அதனால் பள்ளிக்கூடங்களும் பொது நிதியும் கண்டார்கள். 1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. 1923-இல் விருதுப்பட்டி விருதுநகர் ஆயிற்று. அதே காலத்தில், சிவகாசியைச் சேர்ந்த பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மழை குறைந்த தங்கள் ஊரின் வறண்ட காற்றே மூலதனமாக அதைத் தொடங்கினார்கள். 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அவர்களுடைய பண்டல்கள் நாட்டின் நாற்றிசைக்கும் சென்றன.

தீக்குச்சித் தொழில் வேரூன்றிய அந்த ஆண்டுகளிலேயே மோட்டாரும் இங்கு வேரூன்றியது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பஸ் போக்குவரத்து தெற்கே பரவிற்று. 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை திறந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே லாரிகள் பேட்டை வண்டிகளுக்குப் போட்டியாக வந்தன. பெட்ரோலும் மண்ணெண்ணெயைப் போலத் தகர டின்களில் அடைபட்டு வந்து விற்ற காலம் அது. வண்டியின் அமைப்பும் எளியது. உலகெங்கும் பரவியிருந்த போர்டு டி மாடலில் பெட்ரோல் தொட்டி ஓட்டுபவனின் ஆசனத்துக்கு அடியிலேயே இருந்தது. பம்ப் என்று எதுவும் இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வது போல் பெட்ரோல் தானாக இறங்கி இஞ்சினை அடைந்தது. இத்தகைய வண்டியில் ஒழுகல் ஏற்பட்டால் ஓட்டுபவனின் மூக்கே முதலில் அறியும். குழாய் ஒன்று, இணைப்பு இரண்டு மூன்று, அவ்வளவே. பிற்காலத்து மெக்கானிக்குகள் ஒரு நாள் முழுவதும் தேடிய இடங்கள் அன்றைய வண்டியில் பிறக்கவே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் இந்த எளிய உலகைத் தலைகீழாக்கியது. 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது; கூப்பன் இல்லாமல் ஒரு காலன்கூடக் கிடைக்காத நிலையில் பஸ்களும் லாரிகளும் அடுப்புக்கரியை நாடின. மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் தாமே கரிவாயு சாதனம் தயாரித்து வண்டிகளில் பொருத்தினார்கள். வண்டியோடு இணைந்த இரும்பு உலையில் கரி கனன்றுகொண்டிருக்க, அதிலிருந்து பிறந்த வாயு வடிகட்டிகளின் வழியே குளிர்ந்து இஞ்சினை அடையும். அந்த வாயுவில் எரியக்கூடிய பகுதியில் பெரும்பங்கு கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய கொட்டகையில் கசிந்தால் தூங்குகிறவன் விழித்தெழ மாட்டான். ஆனால் வண்டி ஓடும்போது நேர்ந்த குறை வேறு விதமானது. இஞ்சின் வாயுவை உறிஞ்சி இழுக்கும் அமைப்பாதலால், இணைப்பில் இடைவெளி விழுந்தால் வாயு வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். வண்டி இழுப்பதற்குத் திணறும். ஆனால் ஒரு துளியும் சிந்தாது, ஒரு வாடையும் வராது. கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத ஒழுகல் ஒன்று உண்டு என்பதை நம் பட்டறைகள் இந்தக் கரிவண்டிகளிடமே முதன்முதலாகக் கற்றுக்கொண்டன என்று நான் நினைக்கிறேன். பின்னர் டீசல் வந்தபோது அந்தப் பாடம் பெரிதும் உதவியது.

அந்த யுத்த காலத்திலேதான் பட்டாசுத் தொழிலும் இங்கு நிலைபெற்றது. அயல்நாட்டுப் பட்டாசுகளின் இறக்குமதி தடைபட்டதும், 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் கீழ் முறையான உரிமம் பெற்றுச் சிவகாசியில் தொழிற்கூடங்கள் எழுந்தன. ஆக, கரி உலையைச் சுமந்த வண்டிகளும் கந்தகப் பொடியும் ஒரே காலத்தில் ஒரே சாலைகளில் நடமாடின.

யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்தில் வந்தன. ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த அவ்வண்டிகளை வாங்கிப் பலகையடித்துச் சரக்கேற்றியவர்கள், புது வண்டிக்கு வேண்டாத ஒரு புது வித்தையைத் தேடவேண்டியதாயிற்று. 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டா மெர்ஸிடிஸ் பென்ஸ் லாரிகளும், அதே பத்தாண்டில் எண்ணூரிலிருந்து லேலண்டு லாரிகளும் வரத் தொடங்கின. சென்னைச் செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின்களைத் தயாரித்தது. பழைய பெட்ரோல் லாரியின் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இஞ்சினை ஏற்றிக்கொள்வது அக்காலத்து வழக்கமாகவே இருந்தது. இவ்வாறு ஒரு வண்டியின் உடலில் மற்றொன்றின் இஞ்சினும், மூன்றாவதின் தொட்டியும், பட்டறையில் வளைத்த செம்புக் குழாயும் சேர்ந்தபோது, கசிவுக்கு இடங்கள் பல்கிப் பெருகின.

இனி அந்த வித்தையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். அண்ணாச்சி என்று எல்லோராலும் அழைக்கப்படுகிற ஒரு மூத்த மெக்கானிக்கிடம், வாடை வருகிறது என்று சொல்லி ஒரு பழைய அம்பாஸடர் கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார், முதலில் கேள்விதான்.

“வாடை எப்பய்யா வருது? வண்டி ஓடும்போதா, நிறுத்தின பிறகா?”

“டேங்க் நிரப்பினா மட்டும் வருது அண்ணாச்சி. பாதிக்குக் கீழே போயிட்டா இல்லை.”

“அப்போ அடியிலே பாக்காதே. கழுத்துலே பாரு.”

இந்தச் சிறு உரையாடலில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. தொட்டி நிரம்பியபோது மட்டும் வாடை வருமானால், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பர் வெடித்திருக்கும், அல்லது தொட்டியின் மேற்புறத்தில் அளவு காட்டும் கருவி அமர்ந்திருக்கும் இடத்து வாசர் காய்ந்திருக்கும். இஞ்சின் ஓடும்போது மட்டும் வருமானால், பம்புக்கு அப்பால், அழுத்தம் உள்ள பக்கத்தில் குறை. வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய கால் மணிக்குள் வருமானால், இஞ்சினின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழிகிறது, அல்லது அங்குள்ள மிதவையின் ஊசி தேய்ந்து அடைக்காமல் நிற்கிறது. எல்லாவற்றிலும் வஞ்சகமான ஒன்று உண்டு: பம்பின் டயாபிராம் கிழிந்து, பெட்ரோல் வெளியே சிந்தாமல் இஞ்சின் ஆயிலோடு கலப்பது. அப்போது தரையில் ஒரு துளியும் இராது. ஆயில் அளவுக் கோலை உருவி முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். ஆயில் குறையவேண்டிய பழைய இஞ்சினில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். மட்டம் ஏறியிருப்பதைக் கண்டு மகிழ்ந்த சொந்தக்காரர்கள் பேரிங் தேய்ந்து பெருஞ்செலவுக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

கேள்வி முடிந்த பிறகு பார்வை. ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடம் ஒன்றும் ஓடு உடைந்த இடம் வேறொன்றுமாக இருப்பது போல, வண்டியிலும் எரிபொருள் சொட்டும் இடத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. அது குழாயின் மேலேயே ஓடி, சட்டத்தின் தாழ்ந்த மூலைக்குப் போய்த்தான் சொட்டும். ஆகவே அனுபவசாலிகள் ஈரத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்வார்கள். இங்கே கரிசல் பூமி ஓர் உபகாரம் செய்கிறது. டீசல் எளிதில் ஆவியாகாது. நனைந்த இடத்தில் கரிசல் புழுதி ஒட்டிக் கறுத்து அடையாகத் தடித்துவிடும். அந்த அடையின் மேல் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் கசிவு. பெட்ரோலோ தடயமின்றி ஆவியாகிவிடும் என்று தோன்றினாலும், அதில் அடையாளத்துக்காகக் கலக்கப்படும் ஆரஞ்சுச் சாயம் இணைப்பைச் சுற்றி மங்கிய செம்பழுப்புக் கறையாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும். இவ்விரண்டும் தெளிவாகத் தெரியாதபோது, சந்தேகமான பகுதியைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்குக்கட்டித் தூளையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். வெண்மையின் நடுவில் தலைமயிரளவு ஈரக்கோடு ஒன்று முதலில் தோன்றும். தோன்றிய கணத்தில் அதைக் கண்டுவிடவேண்டும், தாமதித்தால் தூள் முழுவதும் நனைந்துவிடும். இந்தக் காத்திருத்தலில் பொறுமை இழந்தவர்கள்தாம் நல்ல குழாய்களை மாற்றி, கெட்ட குழாயை விட்டுவிடுகிறவர்கள்.

டீசல் லாரியில் இரண்டு விதக் குறைகளை வேறுபடுத்துவது அவசியம். தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரையில் உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே சந்து விழுந்தால் வண்டி காற்றை இழுக்கும். இரவு நிறுத்திய லாரி காலையில் கிளம்பாது. கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினால் கிளம்பும். மறுநாளும் அதே கதை. கரிவாயு வண்டியின் பழைய நோய் இது. இஞ்செக்ஷன் பம்புக்கு அப்பால் நாசில்கள் வரையில் உள்ள பாதையோ கடும் அழுத்தம் உள்ளது; அங்கே குழாய் கீறினால் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பீறிடும். அனுபவமுள்ளவர்கள் அங்கே விரலை வைத்துத் தேட மாட்டார்கள். ஓர் அட்டைத் துண்டைக் காட்டித்தான் தேடுவார்கள், ஏனெனில் அந்த ஊசி தோலைத் துளைத்துச் சதைக்குள் சென்றுவிடும். இணைப்புகளில் உள்ள காப்பர் வாசர்கள் நாளடைவில் இறுகிக் கெட்டிப்பட்டு அமராமல் போகும்போது, அவற்றைச் செந்நிறமாகச் சுட்டுத் தண்ணீரில் இட்டு மறுபடி மிருதுவாக்கிக்கொள்வது பட்டறைகளின் பழைய கைமுறை. தொட்டியின் மடிப்பில் மெல்லிய கசிவு கண்டால், ஊர் போய்ச் சேரும் வரைக்கும் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். தண்ணீரில் கரையும் சோப்பு டீசலில் கரைவதில்லை.

இந்த விஷயத்தில் ஒரு மனிதத் துயரமும் கலந்திருக்கிறது. லாரி வழக்கமாகக் கொடுக்கும் மைலேஜ் குறைந்துவிட்டால், முதலாளியின் மனம் முதலில் குழாயைச் சந்தேகிப்பதில்லை, டிரைவரைச் சந்தேகிக்கிறது. வழியில் டீசலை இறக்கி விற்றுவிட்டான் என்ற பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால், அந்த டிரைவருக்கு வேறு லாரி செட்டிலும் வேலை கிடைப்பது கடினம். பழைய லாரியில் ஓடும்போது மட்டும் கசிகிற ஓர் இணைப்பு, நிற்கும்போது உலர்ந்து கிடந்து, ஒரு குடும்பத்தின் பிழைப்பையே கெடுத்துவிடக் கூடும். அத்தகைய சமயத்தில் சட்டத்தின் மேல் படிந்த கரிசல் அடையைச் சுட்டிக்காட்டி, ‘இதோ பார்’ என்று முதலாளியை அழைத்துக் காட்டுகிற மெக்கானிக் செய்யும் காரியம் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதைக் காட்டிலும் பெரிது. அவன் கூலியாக வாங்குவது மட்டும் ஒரு வாசரின் விலையும் அரை நாள் சம்பளமும்.

கசிவைக் கண்டபின் அடைப்பதிலும் அபாயம் உண்டு; சொல்லப்போனால் பெரிய அபாயம் அங்கேதான். காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது தீப்பிடிக்கும். அதற்கு மேற்பட்டால் காற்றுப் போதாமல் பிடிக்காது. நிறைந்த தொட்டியின் உள்ளே ஆவி மிகுதி. காலியான தொட்டியிலோ அது மெல்லக் குறைந்து, பற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்து நிற்கிறது. அதனால்தான் ஈயம் பற்றவைக்கும் தகர வேலைக்காரர்களில் விவரமறிந்தவர்கள் தொட்டியைக் கழற்றி, பல முறை கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே நிற்கும்படி தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பை அருகில் கொண்டுவருவார்கள். டீசல் தொட்டிதானே என்று அலட்சியம் செய்வதும் தவறு. பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரிக்குக் கீழ் தீப்பற்றும் ஆவி தரும் பெட்ரோலை முதல் வகுப்பிலும், 23 முதல் 65 டிகிரிக்குள் அத்தகைய ஆவி தருவனவற்றை இரண்டாம் வகுப்பிலும் வைத்திருக்கிறது. டீசல் அவ்விரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. பற்றவைக்கும் நெருப்பு பட்ட தகடு அந்தச் சூட்டை ஒரு நொடியில் கடந்துவிடும்.

பட்டாசு ஏற்றும் வண்டிகளைப் பற்றிய விதிகளும் இதே ஞானத்தின் மீது எழுந்தவை. இஞ்சினும் சட்டமும் எண்ணெய்ப் பிசுக்கின்றிச் சுத்தமாக இருக்கவேண்டும், எரிபொருள் தொட்டியும் குழாய்களும் ஒழுகலின்றி உறுதியாகப் பொருந்தியிருக்கவேண்டும், மின்கம்பிகளின் உறை கிழிந்திருக்கக் கூடாது என்று அவை கேட்கின்றன. இவற்றைக் காகிதச் சடங்காக எண்ணுகிறவர்கள் சிவகாசியில் 2016 அக்டோபர் 20-ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். பட்டாசுக் கடை ஒன்றின் வாசலில் வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேளையில் நெருப்புப் பிடித்தது. பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்தில் பரிசோதனைக்காக வந்திருந்தவர்களும் புகையில் மூச்சுத்திணறி மாண்டார்கள். அந்த நெருப்பு எரிபொருள் கசிவால் வந்ததன்று. ஆயினும், வண்டியும் வெடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பொறிக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை ஊர் அறிந்த நாள் அது.

இன்று காலம் மாறியிருக்கிறது. புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. தொட்டிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் மூழ்கியிருக்கிறது. குறையைக் கருவி படித்துச் சொல்கிறது. 2014-இல் அம்பாஸடர் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆயினும் பழைய வண்டிகள் மறைந்துவிடவில்லை. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையே நின்று பார்க்கிறவன், வருஷா வருஷம் எப்.சி. காட்டி ஆயுளை நீட்டிக்கொள்ளும் சரக்கு வேன்களை ஏராளமாகக் காணலாம். இவற்றுக்கு ஒரு புதுச் சோதனையும் வந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 சதவீதமாகவும், 2025-இல் 20 சதவீதமாகவும் உயர்ந்துள்ளது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் டயாபிராம்களும் அதில் ஊறி உப்பி, அல்லது விறைத்து வெடிப்புக் காண்கின்றன. பெட்ரோல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு இதனால் வேலை கூடுமே தவிரக் குறையாது.

விருதுநகரிலும் சிவகாசியிலும் பொறியியல் கற்பிக்கும் நல்ல கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் உள்ளன. பட்டாசுத் தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் வகுப்புகளும் நடக்கின்றன. அவ்வகுப்புகளில் மருந்துக் கலவையைப் பற்றிச் சொல்வதோடு, சரக்கு ஏற்ற வரும் வண்டியின் அடியை எப்படிப் பார்ப்பது என்பதையும் ஒரு மணி நேரம் சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லித்தரப் பட்டம் பெற்றவரை மட்டும் தேடாமல், ஐம்பது வருஷம் லாரியின் கீழ் படுத்த ஒருவரையும் மேடையேற்ற வேண்டும். இதைப் படிக்கிற அன்பர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியைக் கிளப்பிப் பார்க்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழித்து அடியில் பார்க்காதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள். வாடை அடங்கிய பிறகு பாட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஆள் அனுப்புங்கள்.